கனடாவில் பிறந்த பிள்ளைகள் இருந்தும் தகப்பனை நாடு கடத்த முடியுமா?

வடலி கேட்டது:

வணக்கம். ரொறன்ரோ பக்கம் இருக்கிற ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்காகக் கேட்கிறேன்.

தகப்பனுடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடும் சரிவரவில்லை. பெடரல் கோர்ட் ஐந்து மாதத்துக்கு முன் மனுவை விசாரிக்க அனுமதி மறுத்துவிட்டது. மனைவிக்கு நிரந்தர வதிவிடம் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் இங்கேயே பிறந்தவர்கள், எட்டு வயதும் மூன்று வயதும். மூத்தவனுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்கிறது, பள்ளியில் தனிக் கல்வித் திட்டமும் உண்டு. தகப்பனுக்குக் குற்றப் பதிவு எதுவும் இல்லை. ஆள்களை நாட்டை விட்டு அனுப்பும் வேலையைச் செய்கிற கனேடிய எல்லைச் சேவையிடமிருந்து இன்னும் அழைப்புக் கடிதம் வரவில்லை.

மூன்று கேள்விகள். கனேடியப் பிள்ளைகள் இருக்கும்போது தகப்பனை அனுப்பச் சட்டம் இடம் கொடுக்குமா? மனிதாபிமானக் காரணங்களைச் சொல்லி வதிவிடம் கேட்கும் மனிதாபிமான விண்ணப்பமா, மனைவி ஸ்பொன்சர் செய்வதா, எதை முதலில் போடுவது? போகத்தான் வேண்டும் என்றால், கடிதம் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தானாகவே போய்விட்டால் திரும்பி வருவது சுலபம் என்கிறார்களே, உண்மையா?

---

பனிக்காற்று பதில்:

முதல் கேள்விக்கு நேரான பதில்: ஆம், அனுப்பலாம். பிள்ளையின் குடியுரிமை பிள்ளைக்குத்தான். கனேடிய உரிமைகள் சாசனத்தின் 6ஆம் பிரிவு தரும் கனடாவில் இருக்கும் உரிமை பிள்ளையுடையது. அதை வைத்துப் பெற்றோர் இங்கே தங்க முடியாது என்று பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம் பேக்கர் வழக்கில் சொன்னதைப் பலர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் நலனை அதிகாரி விழிப்போடும் அக்கறையோடும் எடைபோட வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அந்த நலன் எப்போதும் வெல்லும் என்று அது சொல்லவில்லை. அதோடு அது மனிதாபிமான விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்குச் சொன்னது. விமானத்தில் ஏற்றிவிடும் எல்லைச் சேவை அதிகாரிக்கு அந்த அளவு அதிகாரமே கிடையாது. குடிவரவுச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, நடைமுறைக்கு வந்த வெளியேற்ற உத்தரவை இயன்ற விரைவில் நிறைவேற்றுவதுதான் அவருடைய வேலை.

மூன்றாவது கேள்வியில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதை இப்போதே திருத்திவிட வேண்டும்.

அகதிக் கோரிக்கை வைக்கும்போதே நிபந்தனையோடு ஒரு வெளியேறும் உத்தரவு எழுதப்பட்டுவிடும். கோரிக்கையும் மேன்முறையீடும் பெடரல் கோர்ட் மனுவும் முடியும்வரை அது தூங்கும். எல்லாம் முடிந்ததும் விழித்துக்கொள்ளும். 30 நாள் அப்போதே ஓடத் தொடங்கும், கடிதம் வரும் நாளிலிருந்து அல்ல. அந்த 30 நாளுக்குள் வெளியேறி, விமான நிலையத்தில் எல்லைச் சேவையிடம் புறப்பாட்டுச் சான்றிதழும் வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. சான்றிதழ் வாங்காமல் பறந்தால்கூடப் போனதாகக் கணக்கில் வராது. 30 நாள் தாண்டினால் யாரும் புதிதாக எதையும் எழுதத் தேவையில்லை, அதே உத்தரவு நாடு கடத்தல் உத்தரவாக மாறிவிடும். அதன்பிறகு வாழ்நாளில் எப்போது திரும்பி வருவதென்றாலும் தனியாக எழுத்துமூல அனுமதி பெற வேண்டும்.

நீங்கள் சொன்ன ஐந்து மாதக் கணக்கு சரியென்றால் இவருடையது ஏற்கெனவே நாடு கடத்தல் உத்தரவு. அப்படி எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். ஒருவருட விலக்கல் உத்தரவு என்று இன்னொரு வகையும் இருக்கிறது, விசா காலம் தாண்டித் தங்கியவர்களுக்கு வருவது. இவருக்கு அது பொருந்தாது.

---

செங்காரி பதில்:

பனிக்காற்று சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். பெடரல் கோர்ட் மறுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்கு இவருக்கு நாடு திரும்பினால் வரும் ஆபத்து பற்றிய மதிப்பீடு, அதாவது பி.ஆர்.ஆர்.ஏ., கிடைக்காது. அது கிடைத்தால் சட்டப்படி வெளியேற்றம் தானாக நிற்கும். கிடைக்காத இந்த இடைவெளியில்தான் எல்லைச் சேவை கெதியாக வேலை செய்யும். கடிதம் வரவில்லை என்று ஆறுதல்பட ஒன்றுமில்லை.

ஆகவே முதலில் ஸ்பொன்சர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மனைவி நிரந்தர வதிவிடவாசி. சமூக உதவிப் பணம் எடுக்காமல், வங்குரோத்தில் இல்லாமல், பழைய ஸ்பொன்சர் கடன் பாக்கி இல்லாமல் இருந்தால் போதும். (ஊனமுற்றோர் உதவிப் பணம் எடுப்பது தடையில்லை.) கணவனை ஸ்பொன்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் கேட்க மாட்டார்கள். குடிவரவு அந்தஸ்து இல்லாதவரையும் கனடாவுக்குள் இருந்தபடியே ஸ்பொன்சர் செய்ய 2005ஆம் ஆண்டிலிருந்து ஒரு பொதுக் கொள்கை இருக்கிறது.

அந்தக் கொள்கையில் கைக்கு எட்டும் பலன் வெளியேற்றத்துக்கு 60 நாள் ஒத்திவைப்பு. ஆனால் வெளியேற்றத்துக்கு முந்திய நேர்காணலுக்கு அவரைக் கூப்பிடுவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பின்னால் போட்டால் விண்ணப்பம் ஓடும், ஒத்திவைப்பு கிடைக்காது. நாள்கணக்கில் வித்தியாசப்பட்டு இதை இழப்பவர்கள் உண்டு. ஒரு படிவத்தில் கையொப்பம் விடுபட்டாலோ கட்டணம் குறைந்தாலோ விண்ணப்பம் முழுதாகத் திரும்பி வரும். திரும்பி வந்தது போட்டதாகக் கணக்கில்லை.

இதில் இன்னொரு பொறி. உள்நாட்டு ஸ்பொன்சருக்கு இருவரும் கனடாவில் சேர்ந்து வாழ வேண்டும். முடிவு வருவதற்கு முன் அவரை அனுப்பிவிட்டால் அந்த விண்ணப்பம் விழுந்துவிடும், மறுபடி வெளிநாட்டு வகையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டு வகை என்றால் அவர் எங்கே இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும், மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்நாட்டு வகைக்கு அந்த மேன்முறையீடு இல்லை. கடிதம் வருமுன் போட முடிந்தால் உள்நாடு. நேர்காணல் அழைப்பு வந்துவிட்டால், அவர் நிச்சயம் போகப்போகிறார் என்று தெரிந்தால், வெளிநாடு. இதைச் சட்டத்தரணியோடு இருந்து கதைத்து முடிவெடுக்க வேண்டும், படிவம் நிரப்பிக் கொடுப்பவரோடு அல்ல.

---

வடலி:

மிக்க நன்றி. 30 நாள் விஷயம் யாரும் சொல்லவில்லை. அப்படியானால் மனிதாபிமான விண்ணப்பம் தேவையே இல்லையா? குடிவரவு ஆலோசகர் ஒருவர் "பிள்ளைகள் இருக்கினம், அதைப் போட்டால் அனுப்ப மாட்டினம்" என்றாராம்.

---

செங்காரி:

அந்த ஆலோசகரிடம் இனிப் போக வேண்டாம். மனிதாபிமான விண்ணப்பம் நிலுவையில் இருப்பது வெளியேற்றத்தை நிறுத்தாது. முதற்கட்ட ஒப்புதல் வந்தால்தான் நிறுத்தும், அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். கூடவே, பெடரல் கோர்ட்டில் ஆலோசகர் ஆஜராக முடியாது, சட்டத்தரணிதான் வேண்டும். கடைசி வாரத்தில் தேவைப்படப்போவது அந்த நீதிமன்றம்தான்.

---

நெடுங்குளம் பதில்:

செங்காரியோடு பாதி உடன்படுகிறேன். ஸ்பொன்சர் முதலில், சரி. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு மனிதாபிமான விண்ணப்பத்தைத் தள்ளிவிட வேண்டாம். காரணம் மூத்த பிள்ளை.

சாதாரணமாக, நிராகரிப்புக்குப் பின் 12 மாதத்துக்கு மனிதாபிமான விண்ணப்பமே போட முடியாது. இதற்கு இரண்டு விலக்கு உண்டு. ஒன்று, ஊரில் போதிய மருத்துவ வசதி இல்லாததால் விண்ணப்பதாரருக்கு உயிராபத்து. மற்றது, அவரை அனுப்புவதால் நேரடியாகப் பாதிக்கப்படும் பிள்ளையின் நலனுக்குக் கேடு. இரண்டாவது விலக்கில் இப்போதே போடலாம். விலக்கு ஏன் பொருந்துகிறது என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கக் கடிதத்திலேயே ஆதாரத்தோடு எழுத வேண்டும், அதிகாரி தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்.

2015இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கந்தசாமி வழக்கு, இலங்கையின் வடக்கிலிருந்து பதின்ம வயதில் வந்த தமிழ்ப் பையனுடையது. அதற்குப் பின் "அசாதாரணக் கஷ்டம்" என்ற ஒற்றைத் தராசில் மட்டும் அதிகாரி நிறுக்க முடியாது. எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் நலன் எது என்று தெளிவாக இனங்கண்டு, வரையறுத்து, கவனத்தோடு ஆராய வேண்டும். ஆனால் அதிகாரி ஆராய்வதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டுமே. பெரும்பாலான கோப்புகள் தோற்பது இங்கேதான்.

ஐ.எம்.எம். 5283 படிவத்தில் "பிள்ளைகள் அப்பா இல்லாமல் இருக்க மாட்டார்கள்" என்று எழுதுவார்கள். கூட ஆசிரியரின் ஒரு கடிதம் வைப்பார்கள், "நல்ல பிள்ளை, நன்றாகப் படிக்கிறான்" என்று. அந்தக் கடிதம் எதிராகத்தான் வேலை செய்யும். நன்றாகப் படிக்கிற பிள்ளை எங்கேயும் பழகிக்கொள்வான் என்று அதிகாரி எழுதிவிடுவார்.

தேவைப்படுவது வேறு. பேச்சுப் பயிற்சியாளரிடமிருந்து: என்ன குறைபாடு, எப்போது கண்டறியப்பட்டது, வாரத்துக்கு எத்தனை அமர்வு, யார் கூட்டி வருகிறார், வீட்டுப் பயிற்சியை யார் செய்கிறார், இடையில் நின்றால் என்ன நடக்கும். பள்ளியிடமிருந்து தனிக் கல்வித் திட்டத்தின் முழுப் பிரதி, பல ஆண்டுகளுடையது. பிள்ளை எந்த மொழியில் பயிற்சி பெறுகிறான் என்பது முக்கியம். ஆங்கிலத்தில் சிகிச்சை பெறும் பிள்ளையை ஊரில் தமிழ் வகுப்பில் போட்டால் என்ன ஆகும் என்று பயிற்சியாளரே எழுதட்டும். குடும்ப மருத்துவர் கடிதம். தகப்பனுடைய வேலை நேரமும் தாயுடைய வேலை நேரமும் பக்கம் பக்கமாக, யார் எப்போது வீட்டில் என்று தெரிய. வரி மதிப்பீட்டு அறிவித்தல்கள், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு.

உளவியலாளர் அறிக்கை வாங்கினால், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுதியதற்கு எடை குறைவு. பல தடவை பார்த்தவர் எழுதியதற்கு எடை அதிகம்.

எழுதும்போது இரண்டு நிலைமைகளையும் பிரித்து எழுத வேண்டும். பிள்ளைகள் தாயோடு இங்கே இருந்தால் என்ன நடக்கும்? தகப்பனோடு அங்கே போனால் என்ன நடக்கும்? ஒன்றை மட்டும் எழுதினால் மறுக்கும் கடிதம் மற்றதைப் பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளையை மறக்காதீர்கள். மூத்தவனைப் பற்றி முப்பது பக்கம், இளையவளோ இளையவனோ, ஒரு வரிகூட இல்லை என்கிற கோப்பு பலவீனமானது.

அகதிக் கோரிக்கையில் சொன்ன ஆபத்தை அப்படியே இங்கே திருப்பி எழுதக் கூடாது. இந்த விண்ணப்பத்தில் அதைப் பார்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அதே நிலைமை அன்றாட வாழ்க்கைக்கு என்ன கஷ்டம் தரும் என்று எழுதலாம்.

---

பனிக்காற்று:

அழைப்புக் கடிதம் வந்தபின் என்ன நடக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன், அப்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

ரொறன்ரோ பகுதியில் மிசிசாகாவின் எயார்போர்ட் வீதி அலுவலகத்துக்கு வரச் சொல்வார்கள். போகாமல் விட்டால் பிடியாணை. அதன்பிறகு 60 நாள் ஒத்திவைப்பும் இல்லை, நீதிமன்றத்தில் அனுதாபமும் இல்லை. நேர்காணலில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். காலாவதியாகியிருந்தால் பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். படிவத்தில் கையொப்பமிட மறுப்பதை ஒத்துழையாமை என்று எழுதிக்கொள்வார்கள், தடுப்புக்காவலுக்கு அது ஒரு காரணம். பிறகொரு நாள் வரச் சொல்லி விமானத் தேதி கொடுப்பார்கள்.

தேதி கையில் வந்த அன்றே ஒத்திவைப்புக் கோரிக்கை எழுத வேண்டும். இதில் "பிள்ளைகளுக்காக இங்கேயே இருக்க விடுங்கள்" என்று கேட்டால் நிச்சயமாக மறுப்புத்தான். அதிகாரி பார்க்கக்கூடியது பிள்ளையின் குறுகிய கால நலன் மட்டும்: பள்ளி ஆண்டு முடிய ஆறு வாரம் இருக்கிறது, இந்தத் தேதியில் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது, பராமரிப்புக்கு ஒழுங்கு செய்ய இத்தனை நாள் வேண்டும், உரிய காலத்தில் போட்ட விண்ணப்பத்துக்கு விரைவில் முடிவு வர இருக்கிறது. எதுவரை ஒத்திவைக்கக் கேட்கிறோம் என்று ஒரு முடிவுத் தேதி கட்டாயம் இருக்க வேண்டும்.

மறுத்தால் பெடரல் கோர்ட். மறுப்புக்கு எதிராக மனு, கட்டணம் 50 டொலர், அதன் மேல் இடைநிறுத்தக் கோரிக்கை. மூன்று விஷயங்களையும் காட்ட வேண்டும்: விசாரிக்க வேண்டிய பாரதூரமான கேள்வி, ஈடு செய்ய முடியாத பாதிப்பு, யாருக்குச் சிரமம் அதிகம் என்ற சமநிலை. இதில் இரண்டாவதில்தான் குடும்பங்கள் விழும். பிள்ளை அழும், சாப்பிட மாட்டான், வீட்டு வாடகை கட்டக் கஷ்டம் என்பவை நாடு கடத்தலின் வழக்கமான விளைவுகள் என்று நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வழக்கத்துக்கு மேலான ஒன்று, மருத்துவரோ பயிற்சியாளரோ எழுதியது, தேவை. விமானத்துக்கு முதல்நாள் பின்னேரம் கொண்டுபோனால் தாமதம் என்ற காரணத்துக்காகவே கேட்க மறுக்கலாம்.

தடுத்து வைத்தால் 48 மணி நேரத்தில் முதல் மீளாய்வு, பிறகு 7 நாளுக்குள், பிறகு 30 நாளுக்கு ஒருமுறை. 2019இலிருந்து பிள்ளையின் நலனையும் அங்கே கணக்கில் எடுக்க வேண்டும். பிணை நிற்கக் கூடியவர் யார், அவருடைய முகவரி, வருமானச் சான்று எல்லாவற்றையும் முதலே ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

---

கல்வியங்காடு_22 பதில்:

நான் குடும்பச் சட்டப் பக்கம் வேலை செய்கிறவள், அதனால் அவர் போனால் வீட்டில் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பலரும் "எல்லாரும் சேர்ந்தே போய்விடுவோம், அங்கிருந்து ஸ்பொன்சர் செய்யலாம்" என்று நினைப்பார்கள். முடியாது. நிரந்தர வதிவிடத்தில் இருக்கும் ஸ்பொன்சர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு கணவனை ஸ்பொன்சர் செய்வது குடியுரிமை உள்ளவரால்தான் முடியும், அதுவும் அவர் வந்ததும் தானும் திரும்பி வந்து வசிப்பேன் என்று காட்டினால். அதற்கு மேல் தாய்க்கு ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டிய கடமையும் உண்டு. கனேடியக் கணவனோடு வெளிநாட்டில் இருக்கும் நாள்கள் கணக்கில் வரும். கனேடியப் பிள்ளையோடு இருக்கும் நாள்கள் வராது. ஆக, குடும்பத்தைச் சேர்த்துவைக்கப் போட்ட விண்ணப்பமே தாயையும் பிள்ளைகளையும் இங்கே, தகப்பனை அங்கே என்று கட்டிப்போடுகிறது. தாய் கனடாவில் இருந்த நாள்கள் 1,095 நிறைந்திருந்தால் இன்றைக்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அவர் புறப்படுமுன் செய்ய வேண்டியவை: பிள்ளைகளின் கனேடியக் கடவுச்சீட்டு. 16 வயதுக்குக் கீழ் இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும், அவர் இங்கே இருக்கும்போது கையொப்பம் வாங்குவது ஒரு நிமிட வேலை. பிள்ளைகள் தாயோடு மட்டும் பயணிக்கச் சம்மதக் கடிதம், நொத்தாரிசு முன் கையொப்பமிட்டது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் பிரதிகள் இரண்டு தொகுதி. வாடகை ஒப்பந்தம், வாகனம், வங்கி அவர் பெயரில் மட்டும் இருந்தால் மாற்றுவது. பிள்ளைகளை இலங்கைக் குடியுரிமைக்குப் பதியும் எண்ணம் இருந்தால் தூதரகத்தில் இப்போதே விசாரியுங்கள், பிறந்து ஒரு வருடம் தாண்டினால் நடைமுறை கூடும்.

வரி அலுவலகத்துக்குப் "பிரிந்து வாழ்கிறோம்" என்று அறிவித்துவிடாதீர்கள். அரசு தரும் பிள்ளைப் பணம் கூடும் என்று சிலர் இதைச் செய்கிறார்கள். உறவு முறிந்து 90 நாள் பிரிந்திருந்தால்தான் அது பிரிவு. அரசாங்கம் அனுப்பியதால் தூர இருப்பது பிரிவு ஆகாது. பொய்யாகப் பதிந்தால் பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள், ஸ்பொன்சர் அதிகாரி அந்தப் பதிவை எடுத்து "உங்கள் திருமணம் முறிந்துவிட்டதே" என்று கேட்பார்.

தாயும் அந்தஸ்து இல்லாதவராக இருந்து, பிள்ளைகளை உறவினரிடம் விட்டுப் போவதென்றால் ஒரு கடிதம் போதாது. ஒன்ராறியோவில் அந்த உறவினர் நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்காகத் தீர்மானம் எடுக்கும் பொறுப்புக்கு உத்தரவு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளி, மருத்துவமனை, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் முட்டும்.

---

வடலி:

இவ்வளவு விபரத்துக்கு நன்றி. தாய்க்கு 1,095 நாள் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன், விசாரிக்கிறேன். இன்னொன்று: தாய் இங்கே அகதியாக ஏற்கப்பட்டுத்தான் வதிவிடம் எடுத்தவர். தகப்பன் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்கிறார்.

---

செங்காரி:

இலங்கைக்குப் போகவே கூடாது. குடியுரிமை எடுக்கும் வரைக்கும்.

அகதியாக ஏற்கப்பட்டு வதிவிடம் எடுத்தவர், ஊர்க் கடவுச்சீட்டை எடுத்தாலோ புதுப்பித்தாலோ, அதில் ஊருக்குப் போய் வந்தாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பைத் தன் விருப்பத்தோடு மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று எல்லைச் சேவை மனுப் போடலாம். 2012 திருத்தத்துக்குப் பின் அந்த மனு வென்றால் அகதி நிலையோடு நிரந்தர வதிவிடமும் போய்விடும். மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது, மனிதாபிமான விண்ணப்பத்துக்கும் 12 மாதத் தடை. அப்படி நடந்தால் தகப்பனை ஸ்பொன்சர் செய்ய ஆளே இல்லை, தாயே வெளியேற்றப் பட்டியலில். 2022இல் கமாயோ வழக்குக்குப் பின், அவருக்கு இந்த விளைவு தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், யாருக்குப் பயந்து அகதியானார் என்றெல்லாம் பார்க்க வேண்டும். இனி இவர் "தெரியாது" என்று சொல்ல முடியாதே.

சந்திப்பதென்றால் மூன்றாவது நாட்டில், கனடா கொடுக்கும் அகதிப் பயணப் பத்திரத்தில். குடியுரிமை கையில் வந்தபின் இந்தச் சட்டம் அவரைத் தொடாது.

---

பனிக்காற்று:

வாசிக்கிற மற்றவர்களுக்கு: வதிவிடம் இருக்கிற பெற்றோருக்கும் பாதுகாப்பில்லை. 2018 டிசம்பர் 18இலிருந்து குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டு. அபராதம் மட்டும் கட்டினாலும் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரக் குற்றம். ஆறு மாதமோ கூடவோ சிறைத்தண்டனை கிடைத்தால் வெளியேற்ற உத்தரவை எதிர்த்து மேன்முறையீட்டு உரிமையும் இல்லை. 2013க்கு முன் அது இரண்டு வருடமாக இருந்தது. வீட்டில் இருந்து அனுபவிக்கும் தண்டனை இதில் சிறை ஆகாது என்று 2017இல் ட்ரான் வழக்கில் தீர்ந்தது. தீர்ப்புக்கு முன் தடுப்பில் இருந்த நாள்களைத் தண்டனையில் கழித்தால் அவையும் ஆறு மாதக் கணக்கில் சேரும். குற்றவியல் சட்டத்தரணி "ஒத்துக்கொள், சின்னத் தண்டனை" என்றால், கையொப்பத்துக்கு முன் குடிவரவுச் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 2013இல் ஃபாம் வழக்குக்குப் பின் நீதிபதி குடிவரவு விளைவையும் பார்த்துத் தண்டனையைத் தீர்மானிக்கலாம், ஆனால் யாராவது அவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

வடலி, இந்த வாரமே ஸ்பொன்சர் படிவம். பயிற்சியாளரின் கடிதத்துக்கு நாள் எடுக்கும், அதையும் இன்றே கேட்டுவிடுங்கள்.